முப்பது வினாடி

“முழுசும் உள்ளேதாம்மா இருக்கு. தெறக்கத்தான் விட மாட்டேங்குது,” என்றார் அலாவுதீன்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அவருடைய கம்ப்யூட்டர் கடையில், காலையிலிருந்து தாமரைச்செல்வி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்து, சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள்.

உள்ளே இருந்தது அம்மாவின் குரல். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

சென்னையில் ஒலிப்பதிவு படித்தபோது, பொங்கல் லீவுக்கு வந்தவள் வகுப்புக்காகப் பதிவு செய்தது. நடவுப் பாட்டு, தாலாட்டு, நடுவில் சின்ன அத்தையைப் பற்றிப் புகார், அடக்க முடியாத ஒரு சிரிப்பு. எல்லாம் கல்லூரி வாங்கிக் கொடுத்த ஒலிப்பதிவு மென்பொருளின் மாணவர் உரிமத்தில்.

அப்புறம் சிடியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

அதற்குள் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆளில்லை. இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

உரிமம் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்க வேண்டுமென்றால், இப்போதும் மாணவிதான் என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். ஆபீசில் அவள் பேரை நீக்கியாயிற்று என்றார்கள்.

கூடப் படித்த கலைவாணன் தன் உரிம எண்ணைக் கொடுத்தான். அதைப் போட்டதும், இந்தப் பதிவு வேறொரு மாணவருடையது என்றது திரை. அலாவுதீன் எங்கிருந்தோ முழுப் பதிப்பைத் தேடிக் கொண்டுவந்து ஏற்றினார். மாணவர் பதிப்பில் செய்ததை அது தொடவே மறுத்தது.

மிஞ்சியது ஒன்றுதான். உரிமம் முடிந்த பிறகும், மாதிரிக்கு முதல் முப்பது வினாடியை மட்டும் கேட்கலாம்.

அலாவுதீன் ஸ்பீக்கரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“வச்சுட்டியா? எங்க பாத்துப் பாடணும்?” அம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“செத்த இரும்மா, லெவல் பாக்குறேன்.” அது பதிவில் இருந்த அவள் குரல்.

மைக்கை விரலால் தட்டும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். இன்னும் செத்த இரு என்று மறுபடியும் அவள் குரலே. இதற்குமுன் தன் குரலை அவள் இவ்வளவு வெறுத்ததில்லை. இருபத்தைந்து வினாடியை அவளே தின்றுவிட்டிருந்தாள்.

பிறகு அம்மா மூச்சை இழுத்தாள். பாட்டின் முதல் சொல் பாதி வந்தது.

நின்றுவிட்டது.

அலாவுதீன் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வாசலோர பெஞ்சில் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். புதுச்சேரியில் குரல்வளையை எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் சுற்றியிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

அறுந்த இடத்திலிருந்து அம்மாவின் உதடுகள் தொடர்ந்தன. மிச்சச் சொல்லை, அடுத்த அடியை, அதற்கடுத்த அடியை.

தாமரைச்செல்வி அந்த உதடுகளையே பார்த்தாள். பாட்டின் வரிகள் அவளுக்குத் தெரியாது.

துண்டுக்கு அடியிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.