சும்மா இருப்பது

இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்களை அலையவிட்ட தாவோ தத்துவம், தேர்வறை வாசலில் இருபதே நிமிடத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"எதையும் வலிஞ்சு செய்யாம சும்மா இருக்கணுமாம். சோம்பேறிங்க எழுதின பாடம்டா," என்றேன் அருள்வேலிடம்.

அவன் சிரிக்கவில்லை. "இது உனக்குக் கடைசி அட்டெம்ப்ட் மச்சான். போனா டிகிரியே கிடையாது."

முதல் கேள்வியே செயலின்மை. பக்கத்துக்குத்தான் மார்க் என்று நம்பி, நான்கு முறை எழுந்து அடிஷனல் ஷீட் கேட்டேன்.

"சும்மா இருக்குறதப் பத்தி இவ்வளவாப்பா?" என்றார் கண்காணிப்பாளர்.

தாள்களை நூலில் கட்டும்போதுதான் பார்த்தேன். இன்னும் நான்கு கேள்விகள் பாக்கி. நேரமோ பத்து நிமிடம். பேனாவை மூடிவைத்தேன். மேலே, கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.