தற்போதைய முகவரி

"பள்ளிக்கு வாங்க எண்டுதானே சொன்னீங்கள்? நான் அரை மணித்தியாலமாப் பள்ளிக்கூட வாசல்ல நிண்டன்" என்றான் வினோதன்.

அஸ்ஃபர் சிரித்துவிட்டார். "நாங்க பள்ளி என்டா பள்ளிவாசல் சேர். யாழ்ப்பாணத்து ஆளுக்கு வெளக்கமாச் சொல்லீக்கோணும். என்ட பிழைதான்."

அலவத்துகொடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஊரின் பள்ளிவாசல் செயலாளர் அவர். வினோதனுக்குக் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. வருடத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு ஊர்ச்சேவை செய்யலாம் என்று கம்பனி அறிவித்ததும், கோப்புகளிடமிருந்து தப்பினால் போதும் என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன்.

மண்சரிவு நடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவன் பொறுப்பு. எழுதுவித்தவர்கள் எல்லோரும் கம்பனித் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் வெறுமையாகத் திரும்பினால் சொந்த லீவில் ஒரு நாள் கழியும். கம்பனி என்றால் சும்மாவா?

பள்ளிவாசல் மண்டபத்தில் அவனுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மேலே சரிவில் பெக்கோ இயந்திரம் மண் அள்ளும் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை.

பகல் தொழுகைக்கு எல்லோரும் உள்ளே போன நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவருடைய முக்காட்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

குழாயடியிலிருந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான் வினோதன்.

"கதிரையில இருங்கோ அம்மா."

"ஏலா மகன். கால மடக்க ஏலா. நீங்க எழுதுங்க."

"பேர் என்ன?"

"சித்தி றலியா."

"என்ன துலைஞ்சது? அடையாள அட்டையோ?"

"என்னத்தான் காணல்லன்டு மகள் தேடுறா. ஸனா. எனக்கு ஒரே மகள். சோறு தின்றதுமில்ல, ஒறங்கிறதுமில்ல. நான் ஈக்கிற எடம் அவளுக்குத் தெரியா. நீங்க எழுதிக் குடுத்தா வந்துருவா."

இவ்வளவையும் சொல்ல அவர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. வினோதன் அதைக் கவனித்தான். ஆனாலும் மனசு இளகிவிட்டது. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், கைப்பேசி மண்ணுக்குள். காலையிலிருந்து இப்படி மூன்று கதை கேட்டிருந்தான். மற்றவை எப்படிப் போனாலும் இந்த ஒரு விண்ணப்பமாவது உரிய கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தான்.

"தற்போதைய முகவரி? இப்ப எங்க இருக்கிறியள்?"

"எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு பலா மரம். அதுக்குக் கீழ. கெணத்துப் பக்கமா."

"மரத்துக்குக் கீழயோ? ஒரு தறப்பாள்கூட இல்லையோ?"

"ஒண்டுமில்ல. குளிர் மகன். நெஞ்செல்லாம் பாரம். மத்தவங்க எல்லாரையும் மையவாடிக்குக் கொண்டுபோய்ட்டாங்க. நான் மட்டும் தனிச்சிட்டன். என்னையும் அங்க கொண்டுபோகச் சொல்லி எழுதுங்க."

நிவாரண மையத்தைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் போலும். யாழ்ப்பாணத்தில் மீன்வாடி, மரவாடி இல்லையா, அதுபோல இது மைய வாடி. காலையில் பள்ளி விஷயத்தில் வழிந்த அசடே போதும், இனி ஒருவரிடமும் அர்த்தம் கேட்பதில்லை என்று இருந்தான் வினோதன். 'மைய வாடிக்கு உடன் மாற்றவும்' என்று எழுதி, அழுத்தமாக அடிக்கோடும் போட்டான்.

"இதில கையெழுத்து வையுங்கோ."

"பேனை புடிக்க ஏலா."

ஊதா மைப் பெட்டியைத் திறந்து, அவரது வலது பெருவிரலைத் தானே பிடித்து ஒற்றினான். ஐஸ்கட்டியைத் தொட்டது போலிருந்தது. விண்ணப்பத்தில் ஒன்று, கம்பனித் தாளில் ஒன்று. இரண்டு அடையாளமும் துலக்கமாக விழுந்தன.

விரலைத் துடைக்கக் கடதாசி எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. அவர் நின்ற இடத்தில் சேற்றுத் தண்ணீர் தேங்கியிருந்தது. வாசல் வரை ஒரு காலடித் தடமும் இல்லை.

தொழுகை முடித்து வந்த அஸ்ஃபர் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இத யாரு சேர் எழுதச் சொன்ன?"

"அந்த அம்மாதான். இப்ப இதில நிண்டவ. பாவம், குளிர் எண்டு சொல்லுறா. கெதியா அந்த மைய வாடிக்கு அனுப்பிவிடுங்கோ. அங்க படுக்க வசதி இருக்குத்தானே?"

அஸ்ஃபர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மையவாடி என்டா, செத்தவங்கட மையித்த அடக்கிற எடம் சேர். மத்த எல்லாரையும் எடுத்து அடக்கியாச்சு. இவங்கள மட்டும் பதினொரு நாளா மேல் பக்கமே தோண்டிட்டு ஈக்கிறோம்."

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே கிணற்றுப் பக்கம், சாய்ந்து கிடந்த பலா மரத்தின் கீழ், ஆளுயர மண்ணுக்கு அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். தாயின் கையை எடுத்து மடியில் வைத்து அழுதுகொண்டிருந்த ஸனா, திடீரென்று அழுகையை நிறுத்திக் கேட்டாள்:

"உம்மாட பெருவிரல்ல என்ன இது ஊதா மை? இன்னம் காயவுமில்லயே."