சிங்கம், புறா, ஆமை

"குழியை மூடித் தர்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் சார்!" தையல்காரம்மா மேஜையைத் தட்டினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழி எங்க பொறுப்பு இல்லையேம்மா. அது சாலைப் பிரிவு."

"அங்க போனா, அது சாக்கடைப் பிரிவுன்னு இங்க அனுப்புறாங்க சார்."

"அப்போ ஃபைல் மேல போயிருக்கும். வரட்டும், பாக்கலாம்."

சுற்றி உட்கார்ந்திருந்த இருபது பேரும் படபடவென்று கை தட்டினார்கள். "பிரமாதம் ஆமை! அச்சு அசல் அதிகாரியேதான்!" என்று பயிற்சியாளர் மேடம் துள்ளிக் குதித்தார்.

தன்னார்வலர் தலைமைப் பயிற்சியின் மூன்றாம் நாள் அது. பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்களை மூன்றே நாளில் அவரவர் தெருவைத் திருத்தும் தலைவர்களாக்கி அனுப்புவதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். முதல் நாள் பெரிய தாளில் ஒரு மரம் வரைந்து, அதன் வேரில் பிரச்சினைகளை எழுதி ஒட்டினார்கள். இரண்டாம் நாள், பிரச்சினை என்று சொல்லக் கூடாது, சவால் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அத்தனையையும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். ஊரில் ஒரு சவாலும் குறையவில்லை. கலர் பேப்பர்தான் குறைந்தது.

பெயர், தொழில், பதவி எதையும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி. "இங்க எல்லாரும் சமம். ஆளுக்கு ஒரு மிருகமோ பறவையோ எடுத்துக்குங்க" என்று அட்டைகளைப் பரப்பிவிட்டார். பல்லியைப் பார்த்தால் கூட அலறும் தையல்காரம்மா ஆசை ஆசையாய்ச் சிங்கத்தை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள். பக்கத்து நாற்காலிப் பெண் புறா. எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியது ஆமை. அது அரை மணி தாமதமாக வந்த கண்ணாடிக்காரருக்குப் போயிற்று.

எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது ஒவ்வொருவரும் சேவை, சமுதாயம் என்று மூச்சு முட்டப் பேசினார்கள். ஆமை மட்டும், "போகச் சொன்னாங்க, வந்தேன்" என்றார். வீட்டில் தொல்லை தாங்காமல் மனைவி அனுப்பியிருப்பாள் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

தையல்காரம்மா சேவைக்கு வரவில்லை. அவள் வாசலில் மூடியில்லாமல் வாய் பிளந்து கிடக்கிறது ஒரு சாக்கடைக் குழி. போன மாதம் அதில் விழுந்து கால் முறிந்த வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மழை தொடங்கிவிட்டால் குழி எது, தெரு எது என்று தெரியாது. சின்ன மகள் பள்ளிக்கூடம் போக வேறு வழியும் கிடையாது.

எட்டு தடவை மனுவோடு பகுதி அலுவலகம் போயிருக்கிறாள். அதிகாரியின் மூடிய கதவைப் பார்த்திருக்கிறாளே தவிர, முகத்தைப் பார்த்ததில்லை. கடைசியாக பியூன், "சார் திங்கள்லேர்ந்து மூணு நாள் வெளி வேலைம்மா. வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த மூன்று நாளில் பேசவாவது கற்றுக்கொள்வோம் என்றுதான் இங்கே வந்தாள்.

"சிங்கம், கெஞ்சாதீங்க! கண்ணைப் பாத்துக் கேளுங்க. கையில நிஜ மனு இருந்தா இன்னும் தத்ரூபமா இருக்கும்" என்று நாடகத்தைத் தொடரச் சொன்னார் மேடம். தையல்காரம்மா பையிலிருந்து ஒன்பதாவது மனுவை எடுத்து நீட்டினாள்.

"தேதி சொல்லுங்க சார்."

"பாக்கலாம்மா."

"என்னைக்குப் பாக்கலாம்?"

"நான் சொல்லி அனுப்புறேன்."

"யாருக்குச் சொல்லி அனுப்புவீங்க? என் பேரையே நீங்க இன்னும் கேக்கலையே சார்."

புறா விசிலடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்க, மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "கையெழுத்து விழுந்தாத்தான் சாப்பாடு."

ஆமை கடிகாரத்தைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஓரத்தில் 'பத்து நாளில் மூடி போடவும்' என்று கிறுக்கி, ஒரே சுழற்றில் கையெழுத்துப் போட்டு, கீழே கோடு இழுத்து, தேதியும் எழுதினார். அதே வேகத்தில் இடது கை, முத்திரையைத் தேடுவது போல மேஜையில் துழாவி, கிடைக்காமல் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் சிறந்த நடிகர் பரிசு ஆமைக்குக் கிடைத்தது. சிங்கத்துக்குச் சான்றிதழ் மட்டும்தான். அவள் அதை மனுவோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வானம் கறுத்திருந்தது. "சார் இருக்கார். ஆனா யாரையும் பாக்க மாட்டார்" என்று பியூன் குறுக்கே வந்தார். தையல்காரம்மா அவரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

"யாரைக் கேட்டும்மா உள்ள வந்..." என்று சீறிய குரல் பாதியில் நின்றது.

அவளும் ஒரு கணம் திகைத்துத்தான் போனாள். பிறகு ஒரு மாதமாக வராத சிரிப்பு வந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். மனுவைப் பிரித்து மேஜைமேல் வைத்து, அதன் ஓரத்தில் விரலை ஊன்றினாள்.

"கையெழுத்து உங்களதுதானே, ஆமையண்ணே?"