லண்டன்காரரின் சாப்பாடு

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருத்தினாள் கஜந்தினி. ஏழு வயது நிருஷன் வாயைக் கோணிக்கொண்டு அழ ஆயத்தமானான்.

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்றார் இல்லப் பொறுப்பாளர் மீனாம்பிகை. "உவன் முன்னுக்கு இருந்தால் இண்டைக்கும் மானத்தை வாங்கிப்போடுவான்."

உண்மைதான். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் ஓடிப்போய், "எங்கடை அப்பாவைக் கண்டனீங்களோ?" என்று கேட்பான். அவன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே வெளிநாடு போன மனிதர் அவர். எந்த நாடு என்பதுகூட அவனுக்குத் தெரியாது, முகத்தைத் தாயின் கலியாணப் படத்தில் கண்டதோடு சரி. தாயும் சிறுநீரக வருத்தத்தில் போய்ச்சேர்ந்த பிறகு, அக்காவும் தம்பியும் நெல்லியடிக்குப் பக்கத்திலிருந்த இந்தச் சிறுவர் இல்லத்துக்கு வந்தார்கள்.

இன்றைக்கு லண்டன் குடும்பமொன்றின் சாப்பாடு. குடும்பத் தலைவர் இறந்து ஒரு வருடமாம். யாராவது செத்தால்தான் இங்கே பாயாசம் என்று சமையல்கார லூர்த்தம்மா பகிடி விடுவாள். பிள்ளைகளும் சிரிப்பார்கள், வேறென்ன செய்வது.

கடையில் பெரிதாக்கிய படம் சற்றுமுன்தான் வந்திருந்தது. 'அமரர் பிரகாஸ்' என்று கீழே எழுதியிருந்த அந்தப் படத்துக்கு மீனாம்பிகையே மாலை போட்டார். அதன்முன் பிள்ளைகள் தேவாரம் பாடவேண்டும், அதை லண்டன்காரர் போனில் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் இலையில் கை வைக்கலாம். முதல் தேவாரம் எப்போதும் கஜந்தினியுடையது.

"அன்ரி, நான் இண்டைக்குப் பாடமாட்டன்."

"ஏனடி, தொண்டை நோவோ?"

"இல்லை."

"அப்ப கொழுப்போ? லண்டன் போன் கோல் வரப்போகுது. அதுகள் மனம் நொந்து அடுத்த வருசச் சாப்பாட்டை வேறை இல்லத்துக்குக் குடுத்தால், இந்த நாற்பது பிள்ளையளுக்கும் நீயோ பதில் சொல்லுவாய்?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை நாற்பது இலைகளையும் ஒருமுறை பார்த்தது. பிறகு போய் முன்வரிசையில் இருந்தது.

போனில் ஒரு பெண் தெரிந்தார். அவரின் மடியில், இரட்டைக் குடுமி கட்டிய நாலு வயதுச் சிறுமி. கஜந்தினி படத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டு பாடினாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

"என்ன உருக்கமாப் பாடுது பிள்ளை!" லண்டன் பெண் கண்ணைத் துடைத்தார். "வருசா வருசம் உவதான் பாடவேணும் அன்ரி. அப்பத்தான் இவரின்ரை ஆத்மா சாந்தியடையும்."

"ஓம் பிள்ளை, ஓம். உவதான் பாடுவா" என்று சொல்லிப் போனை வைத்தார் மீனாம்பிகை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாயாசம் பரிமாறி முடிந்தும் கஜந்தினியின் இலை தொடாமலே கிடந்தது. மீனாம்பிகைக்கு ஏசியது வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய்க் குந்தினார்.

"நான் ஏசினதுக்கோ இப்பிடிச் சாப்பிடாமல் இருக்கிறாய்? என்னெண்டு சொல்லு பிள்ளை."

கஜந்தினி தூண் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிருஷன் இரண்டாம் முறையும் பாயாசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. பேர்தான் வேறை... அது எங்கடை அப்பா."