முப்பது சதவீதம்

ராணுவ மருத்துவக் குழுவின் ஏசி அறைக்குள் கூப்பிடும்வரை, இளையபெருமாள் சூடான டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

“பனிமலையில டியூட்டி பார்த்தப்ப விரல்ல ரத்த ஓட்டம் கெட்டுப்போச்சு, முப்பது சதவீத ஊனம்னு ஃபைல்ல இருக்கு. இப்பவும் விரல் வெளுத்துப்போகுதா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லைங்க ஐயா.”

“மரத்துப்போகுதா? வலிக்குதா?”

“ஒண்ணும் இல்லைங்க. நல்லாயிடுச்சு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “சதவீதத்தைக் கூட்டிப் போடுங்கன்னுதான் எல்லாரும் கேட்பாங்க. நோய் இல்லைன்னு எழுதினா ஊனப் பென்ஷன் நின்னுடும், தெரியும்ல?”

“தெரியுங்க. எழுதிக் குடுங்க.”

சான்றிதழோடு அவர் நேராகக் குடவாசலுக்கு பஸ் ஏறினார். மகள் மதிவதனியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் வீடு அங்கேதான் இருந்தது. மார்கழிக் குளிரில் வெளுத்துப்போன அவர் விரல்களைப் பார்த்த யாரோ, அது குஷ்டம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். கையில் எந்த நோயும் இல்லை என்று எழுதி வாங்கி வந்தால் தேதி குறிக்கலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா தியாகேசன் சொல்லியிருந்தார்.

இளையபெருமாள் சான்றிதழை நீட்டினார். தியாகேசன் அதை வாங்கவில்லை.

“அந்த டேபிள் மேல வச்சிடுங்க. அப்புறமா எடுத்துப் பார்த்துக்கிறேன்” என்றார்.