தாகம்

உவர்த் தண்ணீரைக் குடித்தும் நெடுந்தீவின் காட்டுக் குதிரைகள் எப்படி வாழ்கின்றன என்று ஆராயச் சமாதான காலத்தில் பவதாரணி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். ஆராய்ச்சிக்குச் சில குதிரைகளின் சிறுநீரகங்கள் தேவைப்பட்டன. நெற்றியில் வெள்ளை விழுந்த பெண் குதிரைக்கு முதலில் ஊசி போட்டாள். அது துடிக்காமல், அவள் மடியில் தலைசாய்த்து இறந்தது. சிறுநீரகங்களைப் போத்தலில் இட்டு, வயிற்றைத் தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு உதவியாக நின்ற தீவுக்காரர் தியாகலிங்கம் தன் பனங்காணியில் உடலைப் புதைத்தார்.

மறுநாள் காலை இருவரும் அடுத்த குதிரைக்காகத் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றார்கள். கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பெண் குதிரை வந்தது. வயிற்றில் அவள் போட்ட தையல் இருந்தது.

"பிள்ளை, இது நேற்று நான் தாட்ட குதிரையெல்லே?"

"ஓம் அண்ணை."

அது அவளைக் கண்டு மிரளவில்லை. குட்டிகளும் மற்றவையும் குடித்து முடியும்வரை ஒதுங்கி நின்றது. அந்தக் கம்பீரத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

"மற்றதுக்கு ஊசி போடேல்லையோ?"

"ஏலாது அண்ணை. இனி ஒண்டையும் கொல்லமாட்டன்."

"அப்ப உம்மட ஆராய்ச்சி?"

"அது கிடக்கட்டும்."

கடைசியாகப் பெண் குதிரை குனிந்து குடித்தது. தொட்டி வற்றியது. தலையைத் தூக்கி, இன்னும் தாகத்தோடு பவதாரணியைப் பார்த்தது. அவள் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள்.