முதல் புகை

விளாத்திகுளத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி, கடைசியில் வனத்துறை ஜீப்பில் வந்து இறங்கியபோது மாரிக்கனிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மலை உச்சியில் நின்ற கோபுரத்தில் ஏறிக் காட்டுத்தீ கண்காணிப்பதுதான் அவளுடைய புது வேலை. நல்ல வேலை, விட்டுவிடாதே என்று நச்சரித்து வீட்டைக் காலிசெய்ய வைத்த புருஷன் அய்யாத்துரை, வழியெல்லாம் குறை சொன்னான். பஸ்ஸில் நாற்றம், வளைவில் தலைசுற்றல், போனில் சிக்னல் இல்லை. "கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்களேன்" என்றாள். மறுநாள் காலைக் குளிரில் வாக்கிடாக்கியோடு கோபுரத்தில் ஏறினாள். காடு முழுக்கச் சருகு காய்ந்து கிடந்தது. சற்று நேரத்தில் புகை எழும்பியது. பதறிப்போய்ப் பொத்தானை அழுத்திச் சொன்னாள். "எந்தப் பக்கம்மா?" என்றார் ரேஞ்சர். எட்டிப் பார்த்தாள். கோபுரத்தடியில் அய்யாத்துரை சருகைக் குவித்துக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். "ஐயோ, அணைங்க! மண்ணைப் போடுங்க!" என்று பொத்தானை விடாமலே கீழே பார்த்துக் கத்தினாள். அவன் அண்ணாந்து பார்த்து, "நீயும் எறங்கி வா, கதகதன்னு இருக்கு" என்றான். காற்று திரும்பியது. எரிகிற சருகு ஒன்று புல்லுக்குள் பறந்து விழுந்தது. "தீ வச்ச ஆளைப் பாத்தியாம்மா?" என்றார் ரேஞ்சர். "ஜீப்பை அனுப்புங்க சார். கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த ஆளைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, தடதடவென்று படியிறங்கினாள்.